ஏழு நிமிடப் பாட்டு

1

நம் ஊரில் மாசிப் பனி விலகிக்கொண்டிருக்கும்போது இங்கே பெர்த்தில் கத்திரி நடக்கும். பதினான்கு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வியர்த்து வழியப் போய்விட்டு வந்து ஊருக்குப் போன் செய்தால், அங்கே எல்லோரும் குளிருக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகச் சொல்வார்கள். கேட்கும்போது கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருக்கும்.

நான் ஏசி மெக்கானிக். செங்கல்பட்டில் ஐடிஐ படித்தவன். அடுத்தவர் வீடு குளிர்வதற்காகத் தகரக் கூரைமேல் நின்று வேகிற பிழைப்பு. கோடை தொடங்கும்போது கம்பெனியில் ஒரு படிவம் கொடுப்பார்கள். வெயில் மயக்கத்தின் அறிகுறிகள் எனக்குத் தெரியும், தண்ணீர் குடிப்பேன், தனியாகக் கூரை ஏறமாட்டேன், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வேலை செய்யமாட்டேன் என்று வரிசையாக டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். இந்த நாட்டில் மூச்சு விடுவதற்கு மட்டும்தான் படிவம் இல்லை. கூட வேலை செய்கிறவர்கள் படிக்காமலே போட்டுவிடுவார்கள். நான் மட்டும் அந்தக் கடைசி வரியை ஒவ்வொரு வருடமும் இரண்டு தடவை படிப்பேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

என் மகள் கேட்டாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஜெனிக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் நெடுந்தூர ஓட்டம் ஓடுகிறாள். நானும் அவள் அம்மாவும் தமிழில் பேசினால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். தமிழில் சொல்லியே ஆகவேண்டும் என்றால், "வெளியே ரொம்ப சூடு அடிக்குதுப்பா" என்பாள். வெயில் என்ற சொல் அவளிடமிருந்து எப்போதோ போய்விட்டது. பாதி நேரம் காதில் இயர்போன் இருப்பதால் திருத்தினாலும் போய்ச் சேராது. நானும் விட்டுவிட்டேன்.

2

அறிவியல் பாடத்துக்கு அவளாகவே ஒரு பரிசோதனை செய்து எழுதித் தரவேண்டும். அவள் எடுத்துக்கொண்ட கேள்வி, வெயிலில் ஓடும்போது பாட்டுக் கேட்டால் ஓட்டம் கூடுமா என்பது. பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தால்தான் ஓடலாம் என்று ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஸ்டாப்வாட்ச்சை என் கையில் கொடுத்தாள்.

வேண்டாம் என்றேன். நீச்சல் பற்றி எழுது, செடி வளர்ப்பது பற்றி எழுது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். காரணம் கேட்டாள். காரணம் என்னிடம் இருந்தது, வெயில் அதிகம் என்று மட்டும் மழுப்பினேன். கடைசியில் அவள் அம்மா ரேச்சல் என்னைத் திட்டி அனுப்பிவைத்தாள்.

வேலை முடிந்து வந்த சாயங்காலங்களில், தரை இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும்போதே, பள்ளி மைதானத்தில் ஓடினாள். ஒருநாள் பாட்டோடு, ஒருநாள் பாட்டில்லாமல். ஓடி முடித்ததும் நாடித்துடிப்பை நான் எண்ணிக் குறிக்கவேண்டும். எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பத்துக்கு அவளே ஒரு மதிப்பெண் சொல்வாள்.

பாட்டில்லாத நாளில் நான்கு சுற்று ஓடிவிட்டு எட்டு என்றாள். பாட்டோடு ஆறு சுற்று ஓடிவிட்டு ஆறு என்றாள். நாடி மட்டும் பாட்டு நாளில்தான் அதிகமாகத் துடித்தது. முகம் செக்கச் செவேலென்று ஆகியிருக்க, நன்றாகத்தான் இருக்கிறது என்று சிரித்தாள். உடம்பு சொல்வது ஒன்று, மனசுக்குக் கேட்பது ஒன்று. தண்ணீரை எடுத்து அவள் தலையில் கொட்டினேன். இன்றோடு போதும், நிறுத்து என்று கத்தினேன். சுற்றி நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அவமானமாகிவிட்டது. காரில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

வீட்டுக்குள் நுழையும்போது மட்டும், "உங்களுக்கு என்னதான் பிரச்சினை?" என்று தமிழிலேயே கேட்டாள்.

3

என் பிரச்சினையின் பெயர் சாமுவேல். என் தம்பி. சாமு.

எங்கள் ஊர் மதுராந்தகம் பக்கம். தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அப்பா சீக்கிரமே போய்விட்டார். நான் ஐடிஐ, பிறகு மஸ்கட், பிறகு பெர்த் என்று கிளம்பிவிட்டேன். சாமு நெல் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டே போலீஸ் வேலைக்குப் படித்தான். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். அடுத்தது உடல் தகுதித் தேர்வு. ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடவேண்டும். அவனுக்கு வயது வரம்பு முடிகிற வருடம் அது. இந்தத் தடவை விட்டால் அடுத்த தடவை கிடையாது.

நான் இங்கே வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஊரில் இல்லாதவனுக்கு ஊர் விஷயத்தில் கை வைத்தே ஆகவேண்டும் என்று ஒரு அரிப்பு இருக்கும். கிளிப் போட்டு அரைக்கால் சட்டையில் மாட்டிக்கொள்கிற சின்னப் பாட்டுக் கருவி ஒன்றை வாங்கி அனுப்பினேன். திரை கிடையாது, நேரம் காட்டாது, பாடும், அவ்வளவுதான். இரண்டு குத்துப் பாட்டுகளை வெட்டி ஒட்டிச் சரியாக ஏழு நிமிடம் வருகிற மாதிரி கம்ப்யூட்டரில் நானே செய்து மெயிலில் அனுப்பினேன். அவன் ஞாயிற்றுக்கிழமை மதுராந்தகம் பிரவுசிங் சென்டருக்குப் போய் அதை ஏற்றிக்கொண்டான். ஏரிக்கரையில் ஒரு புளியமரத்திலிருந்து மதகு வரை நாடா பிடித்து அளந்து வைத்திருந்தான். பாட்டு முடிவதற்குள் ஓடி முடித்தால் பாஸ். கடிகாரம் பிடிக்க ஆள் தேவையில்லை. எனக்கு என் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது.

முதல் மாதம் பாட்டு முடிந்த பிறகும் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தான். இரண்டாவது மாதத்தில் பாட்டும் ஓட்டமும் கிட்டத்தட்ட ஒன்றாக முடிந்தன. அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

சுருதி மாறாமல் பாட்டின் வேகத்தை மட்டும் கூட்டுகிற மென்பொருள் இருக்கிறது. அடுத்த வாரம் பாட்டு புதுசாக இருக்கட்டும் என்று அனுப்பும்போது, ஐந்து வினாடி குறைத்து அனுப்பினேன். அதற்கடுத்த வாரம் இன்னும் ஐந்து. அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவான், சொல்லாவிட்டால் கால் தானாகத் தாளத்தோடு போகும் என்று கணக்குப் போட்டேன். தேர்வு மைதானத்தில் பாட்டு கிடையாது, கூட்டமும் பதற்றமும் இருக்கும், அதற்குக் கையிருப்பாகக் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று எனக்கே ஒரு சமாதானம்.

அவன் வாரா வாரம் போனில் சொல்வது ஒன்றேதான்.

"இன்னா பண்றதுன்னே தெர்லண்ணா. நாலஞ்சு செகண்டுல போய்க்கினே கீது. போன வாரமும் இதே கததான்."

எனக்கு இங்கே சந்தோஷம். பாட்டு வேகமாகிக்கொண்டே போகிறது, அவனும் அதற்கு ஈடாக வேகமாகிக்கொண்டே போகிறான் என்றுதானே அர்த்தம். விடாமல் ஓடுடா என்று மட்டும் சொன்னேன். அவனுக்குக் கேட்டதோ, இத்தனை வாரமாக ஓடியும் ஒரு வினாடிகூட முன்னேறவில்லை என்பது.

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. கத்திரி ஆரம்பித்துவிட்டது. காலையில் ஓடுவது போதவில்லை என்று அவனாக முடிவு செய்து, மண்டியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் ஏரிக்கரைக்குப் போக ஆரம்பித்தான். உச்சி வெயிலில் பழகினால் தேர்வன்று காலையில் பறக்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். வேண்டாம்டா என்றேன்.

"பாட்டு போட்டா வெயிலே தெர்லண்ணா" என்றான்.

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

4

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணிதான் அவனைப் பார்த்திருக்கிறார். மதகுக்கு நூறடி இந்தப் பக்கம் கிடந்தானாம். தொட்டால் சுட்டதாம். வியர்வையே இல்லையாம். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்று அம்மா போனில் சொன்னாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரகம் நின்றுபோய், பத்து நாளுக்கு மேல் மிஷினில் வைத்தார்கள்.

நான் போகவில்லை. நிரந்தர விசாவுக்கு விண்ணப்பித்திருந்த நேரம். நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வர முன்னதாகவே தனி அனுமதி வாங்கவேண்டும். அதற்கு ஒரு படிவம். பயணத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினேன். ஆஸ்பத்திரிக் கடிதம் வேண்டும், இங்கிலீஷில் வேண்டும், உறவுக்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். எங்கள் இருவர் பிறப்புச் சான்றிதழிலும் அப்பா பெயர் வேறு வேறு எழுத்தில் இருந்தது. இருவரும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள்தான் என்று பிரமாணம் எழுதிக் கையெழுத்திட்டேன். அனுமதி வந்தபோது சாமு வீட்டுக்கு வந்துவிட்டிருந்தான். இப்போ எதுக்கு வீண் அலைச்சல் என்று அம்மா சொன்னாள். அவள் சொன்னதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

தேர்வு போயிற்று. வயதும் போயிற்று. பழைய தெம்பு அவனுக்குத் திரும்பவில்லை. கொஞ்சம் வெயில் பட்டாலும் தலை சுற்றும். மூட்டை தூக்க முடியாமல் மண்டி வேலையை விட்டான். கல்யாணம் ஆனது. மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம், கடற்கரைச் சாலையில், ஒரு ரிசார்ட் கேட்டில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தான். பதினோரு வருடமாக அங்கேதான் இருக்கிறான். நீலச் சட்டை, விசில், தொப்பி எல்லாம் உண்டு. நடுவில் இரண்டு முறை ஊருக்குப் போய்வந்தேன். இரண்டு முறையும் அந்தச் சட்டையோடுதான் என்னை விமான நிலையத்துக்கு அழைக்க வந்தான். என் பெட்டியைத் தூக்கக் குனிந்தவனைத் தடுத்து நானே தூக்கிக்கொண்டேன். என் ஒடம்பு அவ்ளோதாண்ணா என்று சிரித்தான். ஓட்டத்தைப் பற்றி யாராவது பேசினாலும் இதையேதான் சொல்வான்.

அம்மா மூன்று வருடம் முன்பு இறந்தாள். அடக்கத்துக்கு மட்டும் போய்ச் சேர்ந்தேன்.

5

அன்று ஜெனி கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத் தன் பரிசோதனைக்கு வேகமான தமிழ்ப் பாட்டு தேடுகிறேன் என்று என் பழைய கம்ப்யூட்டரைத் திறந்திருக்கிறாள். "தம்பி 1" முதல் "தம்பி 7" வரை கோப்புகள். அதே இரண்டு பாட்டுதான் ஏழிலும். ஆனால் நீளம் மட்டும் குறைந்துகொண்டே போகிறதே என்று, திரையைக் காட்டினாள். ஏழு நிமிடம். ஆறு ஐம்பத்தைந்து. ஆறு ஐம்பது. கடைசியில் ஆறு முப்பது.

சொன்னேன். இந்த வீட்டில் முதல் தடவையாக முழுசாகச் சொன்னேன். வெயில் தெரியாமல் பாட்டு அவனை மயக்கிவிட்டது, அந்தப் பாட்டை அனுப்பியவன் நான், அதனால்தான் மைதானத்தில் அப்படிக் கத்தினேன் என்றேன். அழுகை வந்தது. அவள் என் தோளில் கை வைத்தாள். அதுவரை சரி.

பிறகு யோசித்துக்கொண்டே கேட்டாள். கடைசிப் பாட்டு ஆறு முப்பது. சித்தப்பா அதைவிட ஐந்து வினாடி பின்தங்கி முடித்தார். அப்படியென்றால் ஆறு முப்பத்தைந்து. தேவைப்பட்டது ஏழு.

"அப்போ அவர் ஆல்ரெடி பாஸ் தானே? ஏன் மத்தியானமும் ஓடினார்?"

நான் கம்ப்யூட்டரை மூடப் போனேன்.

"அவருக்கு அது தெரியாதா? இப்ப வரைக்கும்?"

பாட்டின் மேல் பழி போடுவதில் ஒரு சௌகரியம் இருந்தது. பன்னிரண்டு வருடமாக அந்தக் குற்றத்தை மட்டும் எனக்குள் ஒப்புக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவன் ஜெயித்துக்கொண்டிருந்தபோது தோற்கிறாய் என்று அவன் காதுக்குள் வாரா வாரம் சொன்னது பாட்டில்லை, நான். மத்தியான வெயிலுக்கு அவனைத் துரத்தியதும் அதுதான். இது எனக்குத் தெரியாதது இல்லை. அவன் மிஷினில் கிடந்த முதல் வாரமே தெரியும். உடம்பு தேறட்டும் என்று தள்ளிப்போட்டேன். தேறிய பிறகு, இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தள்ளிப்போட்டேன். என் உடம்பு அவ்வளவுதான் என்று அவன் சிரிக்கும்போது நானும் கூடச் சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது.

நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றாள் ஜெனி. மிரட்டுகிற மாதிரி இல்லை. நேரம் குறித்து வைக்கிற பிள்ளைக்கு ஒரு நேரத்தை மறைத்து வைப்பது பொறுக்கவில்லை. தமிழ் மறந்துவிட்டாள், நம் கையை விட்டுப் போய்விட்டாள் என்று அவளைப் பற்றி நான் புலம்பாத ஆளில்லை. அன்று அவள் முன்னால் நான்தான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

6

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் போன் செய்தேன். அங்கே காலை பத்து மணி இருக்கும். சாமு கேட்டில் இருந்தான். நாஸ்தா ஆச்சா என்று கேட்டேன். ஆச்சு என்றான். பிறகு நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பாட்டை வேகமாக்கினேன், ஆறு வாரம் ஏமாற்றினேன், நீ எப்போதோ பாஸ், நான்தான் சொல்லவில்லை.



"கடைசியா நான் எவ்ளோல ஓட்னேன்?" என்று கேட்டான்.

"ஆறு நிமிசம் முப்பத்தஞ்சு செகண்டு."

"நெசமாவா?"

"சத்தியமாடா."

அவன் சிரித்தான். இருமல் மாதிரி முதலில் வந்து, அப்புறம் நன்றாகவே சிரித்தான். பக்கத்தில் இருந்த இன்னொரு செக்யூரிட்டியிடம், யோவ், நான் போலீஸ் ஓட்டம் பாஸ்யா, எங்கண்ணன் சொல்றாரு என்று அவன் சொல்வது கேட்டது. அந்த ஆள் ஏதோ கிண்டல் செய்தார். ஆறு முப்பத்தஞ்சு, ஆறு முப்பத்தஞ்சு என்று சாமு இரண்டு தடவை சொல்லிக்கொண்டான். எனக்கு இந்தப் பக்கம் மூச்சு வந்தது. திட்டுவான் என்று பயந்து இத்தனை வருடத்தைப் பாழாக்கினேனே, பாவி, இந்தச் சிரிப்பை அன்றே கொடுத்திருக்கலாமே என்று நினைத்தேன்.

கார் ஹாரன் அடித்தது. ஒரு நிமிசம் இருண்ணா என்றான். கேட் இழுபடுகிற சத்தம். குட்மார்னிங் சார் என்று அவன் யாருக்கோ சொன்னது. கேட் மறுபடி மூடுகிற சத்தம். திரும்பி வந்து போனை எடுத்தபோது அவன் குரல் இறங்கியிருந்தது.

"அம்மா இன்னா சொல்லிக்கினு செத்துச்சு தெரியுமா உனுக்கு?"

தெரியாது என்றேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவளைப் பெட்டியில் வைத்துவிட்டிருந்தார்கள்.

"சின்னதுல உனுக்குச் சரியா சோறு போடலடா, கஞ்சியா ஊத்தி வளத்துட்டேன், அதான் உன் ஒடம்பு ஓட்டத்துக்குத் தாங்கல, என்ன மன்னிச்சுடுன்னுச்சு. என் கையப் புடிச்சிகினு. கடைசி மூணு நாளும் இதான் சொல்லிச்சு."

நான் சாமு என்றேன்.

"நானும், பரவால்லம்மா, வுடுன்னேன். மன்னிச்சுட்டேண்ணா நானு."

இன்னொரு கார் வந்தது. டூட்டி கீதுண்ணா என்று சொல்லிவிட்டு அவன் போனை வைத்தான்.